பச்சைச் சுண்ணாம்பில் எழுதிய பெயர்

எங்கள் ஊரில் தொழ ஆளில்லாமல் போன மூன்று யூத ஜெபாலயங்களையும் சேர்த்து மியூசியமாக்கினார்கள். முதலாவதில் வெள்ளிச் சாமான்கள், இரண்டாவதில் திரைச்சீலைகளும் புத்தகங்களும், ஆற்றை ஒட்டிய மூன்றாவதில் பெயர்கள். போரில் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்ட எங்கள் ஆட்களின் பெயர்களைச் சுவரில் தூரிகையால் எழுதியவள் நான்தான், பெர்த்தா. பேய், பிசாசு, தேவதூதன் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. சுண்ணாம்பை மட்டும் நம்புவேன். ஆற்றங்கரையில் அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது.

டிக்கெட் கொடுப்பவள் ஹெர்மினா. அவள் அண்ணன் ஹூகோவை முப்பத்தொன்பதில் போலந்துப் பக்கம் ரயிலேற்றினார்கள். பிறகு தகவலே இல்லை. ஏழு வருஷம் காத்திருந்துவிட்டு, செத்தவர் பட்டியலில் அவளே அவன் பெயரைக் கொடுத்தாள். நாற்பத்தெட்டில் மகன் பிறந்ததும் அவனுக்கு ஹூகோ என்றே பெயர் வைத்தாள். எங்களில் செத்தவர் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்போம். உயிரோடிருப்பவர் பெயரை வைத்தால், ஒருவரைத் தேடி வரும் மரண தூதன் இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்பார்கள்.

ஐம்பத்தேழு அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த அண்ணன் டிக்கெட் ஜன்னலில் வந்து நின்றான். போலந்திலிருந்து எல்லை தாண்டிப் பிடிபட்டு, சைபீரிய முகாம்களில் கிடந்துவிட்டு வந்திருந்தான். பாதிப் பல் இல்லை. ஹெர்மினா ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். அவனும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

"ஏம்மா, இந்தக் கீழ் வரிசையில இருக்கிறது நான்தான்," என்றான் என்னிடம். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா நகர ஆபீஸ்ல, நீதான் செத்துட்டியே, போய்ச் சுவரைப் பாருன்னு விரட்டுறான். அழிச்சுக் குடுங்க."

வியாழக்கிழமை சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு பூசினேன். இரண்டு நாளாக ஹெர்மினா வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் அவசரபுத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஓடிவந்தாள். தலையில் முக்காடு இல்லை, ஷூ நாடா கட்டவில்லை. பையனுக்கு மூளைக்காய்ச்சல், கண் திறக்கவில்லை என்றாள். சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

"அக்கா, பேர் எங்க?"

"உங்கண்ணன்தான் உயிரோட இருக்காரே. செத்தவங்க சுவர்ல அவருக்கு என்ன வேலை?"

"பேர் இருந்த வரைக்கும், ஹூகோ கிடைச்சாச்சுன்னு அந்த தூதன் சும்மா இருந்தான். அழிச்சுட்டீங்க, தேடிக் கிளம்பிட்டான். இப்ப படுத்துக் கிடக்கிறது எந்த ஹூகோ?"

"பைத்தியமாடி உனக்கு? காய்ச்சல் எப்ப வந்தது?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் அழிச்சது வியாழக்கிழமை."

"செவ்வாய்க்கிழமைதானே அவன் வந்தான்!"

வாசலில் அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். ஹெர்மினா அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன் வந்தே?"

பதினெட்டு வருஷம் இவனுக்காக அழுதவள் கேட்டது இது. 

அவன் கோபப்படவில்லை. "திரும்ப எழுதிடுங்கம்மா," என்றான்.

"உசிரோட நிக்கிற மனுஷன் பேரை எப்படி எழுதுறது? பையன் பேரை மாத்தட்டும். நோய்னா பேரை மாத்துற வழக்கம் நம்மகிட்ட இருக்கே."

"அவன் மயக்கத்துல கிடக்கான். தெரிஞ்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தானே திரும்புவான்? என்னை அங்க நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. எனக்குப் பேர் பழக்கமே விட்டுப்போச்சு."

"சுண்ணாம்பு இன்னும் பச்சையா இருக்கு. பத்து நாளாவது காயணும். இப்ப எழுதினா நிக்காது."

"எம்புள்ளைக்குப் பத்து நாள் இருக்கா?" என்றாள் ஹெர்மினா.

எழுதினேன். பெயின்ட் கிண்ணத்தை அவனே பிடித்துக்கொண்டான். பிறந்த தேதியைச் சொன்னான். ரயிலேற்றிய நாளைத்தான் கடைசித் தேதியாகப் போடுவோம்; அந்த இடம் வந்ததும் தூரிகையை எடுத்துவிட்டேன். "பழசையே போடுங்க," என்றான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருக்க, அவனைச் செத்தவனாக எழுதி முடித்தேன். அவ்வளவு கேவலமான வேலையை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். ஊசி மருந்து வேலை செய்தது என்றுதான் அன்றைக்கும் சொன்னேன். அண்ணன் எங்கோ அலைந்து, ஆல்தர் என்ற பெயரில் காகிதம் வாங்கிக்கொண்டான். கிழவன் என்று அர்த்தம். சாவு தவறவிட்ட ஆளுக்கு வைக்கிற பெயர். ஹெர்மினா அவனுக்குச் சூப் வைத்தாள், ஸ்வெட்டர் பின்னினாள். பழைய பெயரை மட்டும் ஒருநாளும் சொல்லிக் கூப்பிடவில்லை.

பதினோரு வருஷம் ஓடிவிட்டது. தினமும் டிக்கெட் ஜன்னலைத் திறக்குமுன் ஹெர்மினா வந்து அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்ப்பாள். அவளுக்குத் தெரியாமல் அவளுக்கு முன்பே வந்து நானும் பார்ப்பேன். ஆற்றின் ஈரம் சுவரில் ஏறிக்கொண்டே வருகிறது. மற்ற பெயர்கள் தாக்குப்பிடிக்கின்றன. பச்சையில் எழுதியது மட்டும் ஊதும், உதிரும். மொத்தமாகச் சுரண்டிப் புதிதாக எழுதினால் பத்து நாள் சுவரில் பெயர் இருக்காதே என்று, உதிர்ந்த இடத்தை மட்டும் தொட்டுத் தொட்டு ஒப்பேற்றி வந்தேன்.

இந்த அறுபத்தெட்டு அக்டோபரில் எங்கள் தெருவிலேயே அந்நிய டாங்கி நிற்கிறது. பையன் ஹூகோவுக்கு இருபது வயது. திங்கட்கிழமை பட்டாளத்துக்குப் போகிறான்.

இன்று காலை வந்து பார்த்தால், பெயர் மொத்தமாகப் பெயர்ந்து தரையில் தூளாகக் கிடந்தது. துடைத்து ஏப்ரனில் அள்ளிக்கொண்டேன். சுண்ணாம்பைக் குழைத்து அப்பியிருக்கிறேன். தூரிகை அதில் வழுக்குகிறது, எழுத்து பிடிக்கமாட்டேன் என்கிறது. எதையும் நம்பாத நான், அதே முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முற்றத்தில் ஹெர்மினாவின் ஷூ சத்தம் கேட்கிறது.