கட்டிலுக்கு மேலே ஒரு சுவர்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது அக்கா வீட்டில் கேட்டு எடுத்துக்கொண்டு வந்த கதை. நடந்தது அத்தானுக்கு, நடத்தியது அக்கா, கேட்டது மட்டும்தான் நான். ஆசிரியர் என்று என் பெயரைப் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் போட்டுக்கொள்வேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"வெண்ணிறக் கூரையின் முடிவற்ற வெறுமையை அவர் நோக்கிக்கொண்டிருந்தார். காலம் என்பது ஒரு

காலம் என்பது ஒரு என்ன என்று எனக்கே தெரியவில்லை. அங்கேயே விட்டுவிட்டேன். தவிர, அத்தான் எதையும் நோக்குகிற ஆள் இல்லை. பார்ப்பார், அவ்வளவுதான்.

2

அத்தானுக்குக் கடைத்தெருவில் ஒரு சின்ன ஸ்டுடியோ. அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் முகம் எடுத்துக் கொடுப்பது அன்றாட வேலை. ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது ஆசிரியர்களை ஒரே படத்துக்குள் அடைக்கவேண்டி வந்தது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பின்னால் நகர்ந்துகொண்டே போனார். தரை முடிந்து படிக்கட்டு வந்தது அவருக்குத் தெரியாது. தொடை எலும்பு முறிந்தது.

(விழும்போது விரல் தானாக அழுத்தியதில் ஒரு படம் பதிவாகியிருந்தது. நாற்பது ஆசிரியர்களும் வாயைப் பிளந்து, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பள்ளிக்கூடம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அத்தான் தன்னுடைய மிகச் சிறந்த படம் அதுதான் என்கிறார்.)

ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டி, ஆறு வாரம் மல்லாந்து படுக்க வைத்தார்கள். மேலே ஒரு மின்விசிறி, ஒரு குழல்விளக்கு, ஒரு ஈரக்கறை. நாலாம் நாள் அக்காவிடம் சொன்னாராம்:

"வலியைக் கூடப் பொறுத்துக்கலாம். பாக்கறதுக்குத்தான் ஒண்ணுமே இல்ல."

அக்கா தையல் கடையில் வேலை பார்க்கிறாள். மறுநாள் வெட்டுத்துணிகளைச் சேர்த்து ஒரு சட்டம் தைத்துக்கொண்டு வந்தாள். நாலு மூலையிலும் பஞ்சு அடைத்த துணிக்குருவி. நடுவில், முகம் கீழே பார்க்க, ஒரு படம்: அத்தானுடைய ஸ்டுடியோ வாசல், ஷட்டர் பாதி திறந்தபடி. கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கம்பியில் நூல் கட்டி, அவர் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டாள்.

அத்தான் சிரித்த சிரிப்பில் காலில் கட்டிய எடை ஆடியது. பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார்: "அம்மா, எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும் என்று நினைத்துத் தலைமை நர்ஸைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை. அவர் சொன்னது முழுக்க நியாயம்.

"துணின்னா தூசு. தூசுன்னா கிருமி. கழட்டுங்க."

"கழட்டித் துவைக்கற மாதிரி தெச்சா?" என்றாள் அக்கா.

"கொதிக்கிற தண்ணியிலயா?"

"கொதிக்கிற தண்ணியிலதான்."

நர்ஸ் அதை வாங்கிக்கொண்டு போய்த் தானே கொதிக்க வைத்துப் பார்த்தார். நாலு குருவிகளும் சாயம் போய் ஒரே ஊதாவாகத் திரும்பி வந்தன. அக்கா அசரவில்லை. அடுத்ததைப் பள்ளிச் சீருடைத் துணியில் தைத்தாள். பிள்ளைகள் உடுத்தியே கிழிக்க முடியாத துணி, கொதிநீர் என்ன செய்யும்? படத்தைத் தடித்த பிளாஸ்டிக்கில் வைத்தாள். அனுமதி கிடைத்தது.

ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்த பிறகும் அத்தான் வாரம் ஒருமுறை அந்த வார்டுக்குப் போனார். ஒவ்வொரு கட்டிலாக நின்று, "என்ன பாக்கணும்?" என்று கேட்பார். சொன்னதைப் போய் எடுத்து வருவார், அக்கா தைப்பாள். லாரி ஓட்டுபவர் தன் லாரியின் பின்பக்கத்தைக் கேட்டார், "நான் எப்பவும் முன்னாடியேதானே உக்காந்திருக்கேன்." கணக்கு வாத்தியார் தன் வகுப்புக் கரும்பலகையைக் கேட்டார், அதில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிழையைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் வலி மாத்திரை கேட்கவே இல்லையாம்.

4

கடைசிக் கட்டிலில் ஒரு பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. எதைக் கேட்டாலும் "வேணாம்" என்பார். வார்டில் அவருக்கு வேணாம் என்றே பெயர்.

மூன்றாவது வாரம் வாய் திறந்தார். அந்த இடத்தை நான் இப்படி எழுதியிருந்தேன்: அவர் கண்கள் பனித்தன. "என் தம்பி முகத்தை ஒரு தடவை பாக்கணும்."

படித்துவிட்டு அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவர் எங்கடா அப்படிக் கேட்டாரு? கேட்டிருந்தா நான் அங்கேயே அழுதிருப்பேனே."

அவர் உண்மையில் கேட்டது இது:

"என் தம்பி வீட்டு மாடிச் சுவர். ஜன்னலுக்குக் கீழ. அங்க பெயிண்ட் கொப்புளம் விட்டிருக்கும். அதை எடுத்துட்டு வாங்க."

ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பி தன் வீட்டுக்கு வேறொரு பெயிண்டரை வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார். அன்றோடு பேச்சு நின்றது. "கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் தம்பி வீட்டுச் சுவத்துல வேற ஆளு பிரஷ்ஷா?" ஆறு வருட வெயிலும் மழையும் அந்த ஆளின் லட்சணத்தைக் காட்டியிருக்கும் என்பது அவர் கணக்கு.

"ஆள் யாரும் படத்துல வேணாம். நான் இங்க கிடக்கறதைச் சொல்லவும் வேணாம்."

அத்தான் வாக்குக் கொடுத்தார்.

5

சுவர் பளிங்கு மாதிரி இருந்தது. கொப்புளம் என்று மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. அத்தான் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று எடுத்துப் பார்த்தார். தம்பியின் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"யாருங்க நீங்க? சுவத்துல என்ன தேடறீங்க?"

அத்தானுக்குப் பொய் வராது. "கொப்புளம்" என்றார்.

அவளும் ஒருமுறை சுவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "இந்த ஊர்ல அதைத் தேடறவர் ஒருத்தர்தான். அவர் எங்க?"

அத்தான் சொல்லவில்லை. ஆனால் இரவல் ஊன்றுகோலில் ஆஸ்பத்திரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டாள்.

"ஏணியா?"

அத்தான் தரையைப் பார்த்தார். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பவே அவருக்கு உயரத்துல தலை சுத்தும். மாடியில ஏத்த வேணாம்னுதான் வேற ஆளை வச்சோம். நேரா சொன்னா தன் தொழிலையே குறைச்சுப் பேசறோம்னு நினைப்பாரு. சொல்லாம விட்டோம். அது இப்படியாச்சு."

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. ஒரு கன்னத்தில் சவர நுரையோடு தம்பி எட்டிப் பார்த்தார். அத்தானின் விரல் பழக்க தோஷத்தில் அழுத்திவிட்டது.

வீட்டுக்கு வந்து படங்களைப் பரப்பினார்கள். அக்கா நுரை முகத்தை எடுத்துச் சட்டத்தில் வைத்தாள்.

"ஆள் வேணாம்னு சொன்னாரே" என்றார் அத்தான்.

"சின்னதாத்தானே இருக்காரு."

6

தொங்கவிட்டதும் பெயிண்டர் வெகுநேரம் பார்த்தார். தலைமை நர்ஸ் காய்ச்சல் பார்க்கிற சாக்கில் அங்கேயே நின்றார்.

"கொப்புளம் இல்ல" என்றார் பெயிண்டர்.

நர்ஸ் தெர்மாமீட்டரை உதறினார்.

"ஆனா ஜன்னல் சட்டத்துல பிரஷ் தாண்டியிருக்கு. வலது மூலை. நல்லாப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். ஒரு நூலளவு தாண்டித்தான் இருந்தது. அவர் முகத்தில் ஆறு வருடக் கேஸை ஜெயித்த நிம்மதி. அப்புறம்தான் நுரைக்கு வந்தார்.

"இவன் இன்னமும் ஒவ்வொரு கன்னமாத்தான் பண்றானா? சின்ன வயசுல இருந்து இப்படித்தான். பாதி முகத்தோட தெருவுக்கு வந்துடுவான்."

சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலிக்கும். "சிரிக்காதீங்க" என்று நர்ஸ் அதட்டினார், தானும் சிரித்துக்கொண்டே.

(தலைசுற்றல் விஷயத்தை அத்தான் சொல்லவில்லை. அதைத் தம்பிதான் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் தீர்ப்பு.)

7

மறுநாள் மாலை, பார்வையாளர் நேரத்தில், தம்பி வந்தார். இரண்டு கன்னத்தையும் மழித்திருந்தார். அத்தான் லாரிக்காரரின் கட்டிலருகே நின்று பார்த்தது இவ்வளவுதான்: தம்பி உள்ளே போனார், திரையை இழுத்துவிட்டார். மணி அடித்த பிறகும் வெளியே வரவில்லை. நர்ஸ் இரண்டு தடவை விரட்ட வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாளும் வந்தார், மனைவியோடு. பெயிண்டர் நடக்கத் தொடங்கும் வரை ஒருநாளும் தவறவில்லை.

திரைக்குள் முதலில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) "வந்துட்டியா."

ஆ) "அந்த வலது மூலையை யார் பாக்கறது?"

இ) இருவரும் எதுவும் பேசாமல், மேலே தொங்கிய படத்தை

முதலாவது எல்லாக் கதையிலும் வருகிறது என்றாள் அக்கா. இரண்டாவது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாம். மூன்றாவதைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டாள். "அந்த ரெண்டு பேரும் பேசாம இருக்கற ஆளுங்களாடா?"

அதனால் இந்த இடத்தை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். தம்பி உள்ளே நுழைந்ததும் அண்ணன் சொன்னார்:

"( )"

உங்களுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் எளிது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதுங்கள். இடம் போதாவிட்டால் அடைப்புக்குறியை நீட்டிக்கொள்ளலாம். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வேண்டாம். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அது வாயில் வராது.