டெல்மருக்காக வாங்கியது

2020 ஜூன் 18, வியாழக்கிழமை. மொன்டானா மாநிலம், ஆல்டர் ஃபோர்க். பெக்வித் ஹார்ட்வேர் கடை காலை எட்டு மணிக்குத் திறந்தது. எட்டரைக்குத் தோட்டா அலமாரியில் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றைக்கு வெர்லா ஸ்டென்சன் ஊரில் இல்லை. கணவன் டெல்மருக்கு மிசூலாவில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை. தொற்றுக் காலம் என்பதால் அவளை உள்ளே விடவில்லை. மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஃபோன் வரக் காத்திருந்தாள்.

அந்தக் கோடை முழுவதும் எங்கள் ஊரில் வியாழக்கிழமை என்றால் வரிசைதான். முதலில் கழிப்பறைத் தாளுக்கு நின்றோம், பிறகு தோட்டாவுக்கு நின்றோம். ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று லைல் பெக்வித் எழுதி ஒட்டியதும் ஆட்களின் எண்ணிக்கை கூடியது. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத மாமியார்கள், சர்ச் விருந்துக்குப் பலகாரம் கொண்டுபோவதுபோல இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்தால் இன்னும் நல்லது, தலைக்கு ஒரு பெட்டி கூடும். என்ன ரகம் என்று பார்ப்பதற்குள் பின்னால் நிற்பவன் கையை நீட்டிவிடுவான். அதனால் முதலில் எடுப்பது, பிறகு வீட்டுக்குப் போய்ப் படிப்பது என்று ஆகிவிட்டது. பெட்டியில் 'முந்நூறு' என்று குண்டின் பருமனைப் போட்டிருக்கும். முந்நூறில் எத்தனையோ வகை உண்டு. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று தடி. ஒன்றுக்கானதை இன்னொன்றில் போட்டால் துப்பாக்கி பாழாகும், சில சமயம் முகமும் பாழாகும். விற்ற தோட்டாவைக் கடை திரும்ப எடுக்காது. ஆகவே தவறாக வாங்கியவர்கள் அதை அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

வாயை மூடிக்கொள்வது எங்களுக்குச் சுலபம். ஒரு பண்ணைக்காரரிடம் எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லை. அது வங்கிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி. அந்தக் கோடையில் தோட்டாவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. யாரிடம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

வெர்லாவுக்கு வேண்டியது முந்நூறு சாவேஜ். அப்பாவின் பழைய துப்பாக்கிக்கு அந்தத் தோட்டாதான் சேரும். இடதுகைக்காரியான அவளுக்கு வாகாக இருப்பது அந்தத் துப்பாக்கி ஒன்றுதான். தோட்டாவோ எப்போதும் அதிகம் விற்காத ரகம். அந்த வருடம் தொழிற்சாலைகள் பெரும்பாலும் நன்றாக விற்பதைத்தான் செய்தன, இதைத் தொடவில்லை. இணையத்தில் எங்கே தேடினாலும் 'இருப்பு இல்லை' என்றே வந்தது. அவளிடம் மிச்சமிருந்தது மூன்றே மூன்று.

மற்ற வருடங்களில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. டெல்மர் ஒரு எல்க் மானை அடித்து வருவான், இருவருக்கும் அடுத்த கோடை வரைக்கும் இறைச்சி இருக்கும். இந்த வருடம் அவன் மலை ஏற முடியாது. ஒருவரின் வேட்டை அனுமதிச் சீட்டில் இன்னொருவர் சுடுவது குற்றம். எனவே வெர்லாதான் போகவேண்டும். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வசந்தத்தில் பள்ளி மூடியதிலிருந்து வருமானம் பாதியாகிவிட்டது. ஃப்ரீசரின் அடியில் இருந்தது ஒரு பை பட்டாணியும் போன வருடத்து எலும்பும்தான்.

மூன்று தோட்டாவோடு மலைக்குப் போகலாம்தான். ஆனால் ஆகஸ்டில் வண்டிக் கதவு திறந்துகொண்டு துப்பாக்கி ஜல்லியில் விழுந்து, குறிபார்க்கும் ஸ்கோப் ஒரு கல்லில் மோதிவிட்டது. அதைச் சரிபார்க்கவே ஐந்தாறு தோட்டா வேண்டும். சரிபார்க்காமல் சுட்டால் மான் வயிற்றில் குண்டோடு ஓடிப்போய் எங்கோ ஒரு பள்ளத்தில் இரண்டு நாள் கழித்துச் சாகும். அந்த வேலையை வெர்லா செய்யமாட்டாள்.

இரவல் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். மூன்று பேர் அவரவர் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் ஒருவன் நீட்டும்போதே சொல்லிவிட்டான்:

"எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சுக்கங்க மிசஸ் ஸ்டென்சன். குண்டு மட்டும் கேக்காதீங்க."

"அப்ப இதைத் தடியா வச்சு மானை அடிக்கவா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

செப்டம்பர் கடைசியில் லைல் கடையில் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போது ஆணி டப்பாக்களை அடுக்கிக்கொண்டே இருந்தான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஜூன் 18 அன்று மொத்த வியாபாரி தவறுதலாக ஐந்து பெட்டி முந்நூறு சாவேஜ் அனுப்பியிருந்தான். லைல் பிரித்து அடுக்குவதற்குள் ஐந்தும் போய்விட்டன.

"உங்களுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கணும். கூட்டத்துல தோணல."

"யாரு வாங்கினது?"

"அதை நான் சொல்ல முடியாது. நீங்களும் கேட்டிருக்கக் கூடாது."

வெர்லா அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த வட்டாரத்தில் முந்நூறு சாவேஜ் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று அவள். மற்றவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஆகவே அந்த ஐந்து பெட்டியும், அவற்றைப் பயன்படுத்தவே முடியாதவர்களின் வீட்டில், நாலைந்து மைலுக்குள்தான் எங்கோ இருந்தன. வீடு வீடாகப் போய்க் கேட்கவும் வழியில்லை.

வழியைக் கண்டுபிடித்தது டெல்மர். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜூலையில், நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகில் கட்டோடு, வெர்லாவுக்குத் தெரியாமல் அவன் போய் வரிசையில் நின்றிருந்தான். இரண்டு வாரத்துக்கு இரண்டு பெட்டி. முந்நூறு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதைச் சமையலறை மேசையில் வைத்தபோது அவன் முகத்தில் வியர்வையும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன. வெர்லா பெட்டியைப் படித்தாள். முந்நூறு பிளாக்அவுட். அவளுடையதோடு ஒப்பிட்டால் குட்டையான வேறு சாமான். "நல்ல வேலை பண்ணினே" என்று சொல்லி உள்ளே எடுத்து வைத்தாள். ஒரு வாரம் கழித்து டெல்மர் தானாகவே ஒன்றை எடுத்து அவளுடைய தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

லைல் சொன்னதைக் கேட்டதும்தான் அவன் அந்தப் பேச்சை எடுத்தான்.

"இந்த ஊர்ல நான் ஒருத்தன் மட்டும் முட்டாள் இல்ல, வெர்லா."

"தெரியும். ஆனா ஒத்துக்கறதுக்கு ஆள் யாரு?"

"யாரும் ஒத்துக்க வேணாம். என் பேரைச் சொல்லட்டும்."

"என்ன சொல்றே?"

"எனக்காக வாங்கினோம்னு சொல்லட்டும். நான்தான் மாத்திரை மயக்கத்துல தப்பாக் கேட்டேன்னு."

நாற்பது வருடம் மலையில் வேட்டையாடியவன் டெல்மர். "உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க" என்றாள் வெர்லா.

"சிரிக்கட்டும். என் முதுகு வலிக்கிற வலிக்கு அது ஒண்ணும் பெருசு இல்ல."

வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, தீயணைப்புக் கொட்டகையில் எப்போதும் போல் மிளகாய்க் குழம்பு விருந்து. தொற்றுக்காக அந்த வருடம் வெளியே முற்றத்தில் வைத்தார்கள். வெர்லா வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுவந்து நிறுத்தி, பின்பலகையை இறக்கி, டெல்மரின் இரண்டு பெட்டியை அதன்மேல் வைத்தாள். 'டெல்மர் தப்பாக வாங்கியது. மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு அட்டை. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் டெல்மர்.

ஒரு மணி நேரம் யாரும் கிட்டே வரவில்லை. கிண்ணத்தோடு தூரத்தில் நின்று பார்த்தார்கள். சத்தமாகச் சிரித்தவன் ட்ராய் மெக்கேப். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களைக் கூலிக்கு வேட்டைக்கு அழைத்துப்போகும் வழிகாட்டி. துப்பாக்கி பற்றி எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவன்.

"டெல்மர், அந்த மாத்திரையை எந்த டாக்டர் எழுதினாரு? எனக்கும் ரெண்டு வேணும்."

வெர்லா திரும்பினாள். முப்பது வருடம் பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கப் பேசிப் பழகிய குரல் அது, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"ட்ராய். முன் சீட்டுக்கு வா."

நாற்பத்து நான்கு வயது ட்ராய் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நாலு எட்டு முன்னால் வந்துவிட்டான். பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. முற்றம் முழுக்கச் சிரித்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் சின்ன வயதில் சேட்டை செய்து அந்த முன் சீட்டில் உட்கார்ந்தவர்கள்தான்.

சிரிப்பு அடங்குவதற்குள் வெர்லா பேசினாள். "இந்தக் கோடையில டெல்மர் மயக்கத்துல உங்கள்ல நிறையப் பேரை ஃபோன்ல கூப்பிட்டு, எனக்குத் தோட்டா வாங்கி வையுங்கன்னு தொல்லை பண்ணியிருக்கான். அவனுக்கே ஞாபகம் இல்ல. நீங்களும் பாவம், நல்ல மனசோட வாங்கி வச்சிருக்கீங்க. எல்லாம் தப்பான ரகம். உங்க தப்பு இல்ல. கொண்டு வந்து இங்க வச்சுட்டு, உங்களுக்கு ஆகறதை எடுத்துட்டுப் போங்க."

டெல்மர் தலையை ஆட்டினான். "மன்னிச்சுக்கங்க" என்றான், மிகவும் பணிவாக.

முதலில் அசைந்தது தபால் நிலையத்து ஜோனீ. வீட்டுக்குப் போய் ஒரு பெட்டியோடு வந்து பலகையில் வைத்தாள். "நீ கேட்டியேன்னு வாங்கினேன், டெல்மர்."

"என் புத்தி அப்படி, ஜோனீ."

அதற்குப் பிறகு வண்டிகள் போவதும் வருவதுமாக இருந்தன. தன்னிடம் இல்லாத கைத்துப்பாக்கிக்கு வாங்கியவர்கள், மகன் விற்றுவிட்ட துப்பாக்கிக்கு வாங்கியவர்கள், எதற்கு வாங்கினோம் என்றே தெரியாதவர்கள். எல்லாரும் டெல்மருக்காகத்தான் வாங்கியிருந்தார்கள். டெல்மர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக மன்னிப்புக் கேட்டான். பலகையில் ஒருவர் வைத்ததை இன்னொருவர் ஐயோ இதைத்தானே தேடினேன் என்று எடுத்துக்கொண்டு போனார். போதகர் கூட அங்கியின் கீழிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

"நீங்களுமா ஐயா எனக்காக வாங்கினீங்க?" என்றான் டெல்மர்.

"உனக்காக ஜெபமும் பண்ணினேன். அதுல தப்பு நடக்கல."

இரண்டு மணிக்குப் பலகை நிறைந்திருந்தது. முந்நூறில் எத்தனையோ வகை வந்துவிட்டது, சாவேஜ் மட்டும் வரவில்லை. வெர்லா ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பார்த்து வைத்தாள். லைல் யாரையும் பார்க்காமல் குழம்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் யாருடைய மாமியாரோ ஒருத்தி முந்நூறு வின்செஸ்டர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். ட்ராயின் சிரிப்பு நின்றது. அவனுடைய துப்பாக்கி அதுதான். அடுத்த வாரம் அவனை நம்பி நாலு பேர் வருகிறார்கள், அவனிடம் அரைப் பெட்டி கூட இல்லை என்று பின்னால் தெரிந்தது. அவன் அந்தப் பெட்டியைப் பார்த்தான், வெர்லாவைப் பார்த்தான். "அதை யாருக்கும் குடுத்துடாதீங்க மிசஸ் ஸ்டென்சன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது கையில் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. மூடியைத் திறந்து மூன்று பெட்டிகளை எடுத்து, எழுத்து கீழே இருக்கும்படி பலகையில் கவிழ்த்து வைத்தான். ஜூனில் அவனும் மனைவியும் மைத்துனனும் சேர்ந்து வரிசையில் நின்று வாங்கியது. வழிகாட்டி ஆயிற்றே, மற்ற இருவரும் அவனிடம் கேட்டுத்தான் எடுத்திருந்தார்கள்.

வெர்லா ஒன்றை நிமிர்த்தினாள். முந்நூறு சாவேஜ்.

"இது டெல்மர் கேட்டது" என்றான் ட்ராய். காது சிவந்திருந்தது. "ஜூன் பதினெட்டாம் தேதி."

பின்னாலிருந்து ஜோனீயின் குரல் வந்தது. "ஜூன் பதினெட்டு காலைல டெல்மர் ஆபரேஷன் மேசையில இருந்தான்."

டெல்மர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ட்ராய் அடுத்த இருபது வருடம் அந்த ஊரில் வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ள முடியாது. டெல்மர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆமா, மயக்க மருந்து குடுத்த பிறகுதான் கேட்டேன்" என்றான். "இருந்தும் பாரு, இது ஒண்ணைத்தான் சரியாச் சொல்லியிருக்கேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். ட்ராயும் தட்டினான். வெர்லா முந்நூறு வின்செஸ்டர் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். சாவேஜ் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

மறுநாள் சரளைக்கல் குழியில் அவள் ஸ்கோப்பைச் சரிபார்க்கப் போனபோது ட்ராய் அங்கே மணல் மூட்டைகளோடு காத்திருந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை. முதல் தோட்டா குறிக்கு ஒரு சாண் இடப்பக்கம் போய்ப் பட்டது. மான் மேல் அதைச் சுட்டிருந்தால் வயிறுதான். திருகாணியைத் திருப்பித் திருப்பிச் சுட்டதில் ஆறாவது தோட்டாவும் ஏழாவதும் ஒரே துளையில் போயின. ட்ராய் அந்தக் குறி அட்டையைப் போய்க் கழற்றிக்கொண்டு வந்தான். இதைவிட நன்றாகத் தன்னால் சுட முடியாது என்றான். அவன் அப்படிச் சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை.

நவம்பர் 14, சனிக்கிழமை. முதல் நாள் பனி பெய்திருந்தது. மலையடிவாரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த டெல்மருக்கு, மேலே காட்டிலிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. அப்புறம் வண்டியின் ஹாரனை அழுத்தினான், கையை எடுக்கவே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாருக்கோ விபத்து என்று நினைத்து ஓடிவந்தார்கள்.

நன்கு கொழுத்த பெண் எல்க். முன்தோளுக்குப் பின்னால் விலாவில் ஒரே துளை. இறைச்சியை இறக்க ட்ராய் இரண்டு கோவேறு கழுதைகளோடு வந்தான், கூலி வாங்கவில்லை.

பெக்வித் கடையின் தோட்டா அலமாரி அடுத்த வருடம் வசந்தம் வரை காலியாகவே இருந்தது. ஐந்தில் மற்ற இரண்டு பெட்டி யாரிடம் இருக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை. ஸ்டென்சன் வீட்டு ஃப்ரீசர் நவம்பர் 16 அன்று மூடி மூடாத அளவுக்கு நிரம்பியது. பட்டாணிப் பையை வெளியே எடுத்த பிறகு மூடியது.