உட்காருகிறவரின் இடது

என் வீட்டுக்காரர் விழுந்ததற்கு யாரும் சிரிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் பொத்தென்று விழுந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும், நானும் சிரிப்பவள்தான். ஆனால் சிரித்து முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். என் தம்பிக்கு அந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேரும் ஏரிக்கரைக்குப் போவோம். நானும் அவரும், என் தம்பியும் அவன் மனைவியும். ஆளுக்கொரு மடக்கு நாற்காலி. நீளமான பையிலிருந்து உருவி, குடை மாதிரி விரித்து, துணியில் சாய்ந்துகொள்ளலாம். அவர் பேக்கரி வைத்திருக்கிறார். வாரம் முழுக்க மாவும் அடுப்புமாக நிற்கிற மனுஷன் உட்காருவதே அங்கேதான். அன்றைக்குத் தம்பி மனைவி கரையோரமாக நடக்கப் போயிருந்தாள். பக்கத்தில் இருக்கிறதே என்று அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். டப் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி கால் இரண்டும் மேலே, முதுகு மண்ணில், கையில் டீ டம்ளர் மட்டும் சிந்தாமல்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!" என்றான் என் தம்பி.

அக்கம்பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மண்ணைத் தட்டிக்கொண்டு, "மடக்கு நாற்காலி என்னையே மடக்கிடுச்சு பாரு" என்று தானே ஒரு ஜோக்கும் அடித்தார். நானும் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த ஞாயிறு, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு மாவு வேலை இருக்கு" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் மாவு வேலை. வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலும் கையால் ஒரு தரம் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். நான் வேலை பார்க்கிற மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிப்போக வந்தவர், பெஞ்சு காலியாகக் கிடக்க, சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். சொந்தக் கட்டிலில் விருந்தாளி மாதிரி ஓரத்தில் உட்கார்ந்தார். மாவு மூட்டையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குகிற உடம்பு அது. அந்த உடம்பைப் பார்த்துத்தான் நான் கழுத்தை நீட்டினேன். அதற்காக அவர் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல நடமாடியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

பந்து, மட்டையோடு மடக்கு நாற்காலியும் விற்கிற கடைக்குப் போய்க் கேட்டேன். "பெரிய ஆளுங்களுக்குன்னே தனியா ஒரு மாடல் இருக்கு மேடம்" என்றான் கடைக்காரன். வாங்கினால் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சின கதைதான். எனக்கு வேண்டியது புது நாற்காலி இல்லை. விழுந்தாரே, அதே நாற்காலியில் அவர் மறுபடி சாய்ந்து உட்கார வேண்டும்.

வீட்டுக்கு வந்து, அன்றிலிருந்து எங்களிடமே கிடந்த அந்த நாற்காலியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. உடைந்தது எது, உடையாதது எது என்று பார்த்துப் பழகின கண். குழாய் எதுவும் வளையவில்லை, துணி கிழியவில்லை. உட்காருகிறவரின் வலது கைப்பக்கம், இரண்டு குழாய்கள் வந்து சேருமிடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூட்டு ஒன்று உண்டு. அது மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. எலும்பு சௌக்கியம், மூட்டுதான் போயிருக்கிறது.

அந்த மூட்டுக்கு நான் அலைந்த அலைச்சல் நாய் படாத பாடு. வாங்கின கடையில், "அந்த மாடலே இப்ப வர்றதில்லை" என்று கையை விரித்தார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் கதவுக் கீல் ஒன்றை எடுத்து நீட்டி, "இதை வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்றார். நான் பார்த்த பார்வையில் அவரே அதை உள்ளே வைத்துவிட்டார். குடையும் பையும் தைக்கிற ஒருவர்தான் பழைய இரும்புக் கடைக்கு வழி சொன்னார்.

அங்கே பின்கட்டில் மடக்கு நாற்காலிகளாகக் குவிந்து கிடந்தன. "துணி கிழிஞ்சதும் தூக்கிப் போட்டுடறாங்கம்மா. காலெல்லாம் கல்லு மாதிரி இருக்கும்" என்றார் இரும்புக் கடைக்காரர். நம்முடைய மாடலும் ஒன்று அகப்பட்டது.

"இடதா, வலதா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"செருப்பு மாதிரிம்மா. பார்த்தா ஒண்ணா இருக்கும், மாத்திப் போட்டா கடிக்கும். உள்பக்கம் எழுத்து இருக்கு பாருங்க."

உடைந்த மூட்டைத் திருப்பினேன். உள்பக்கம் எல் என்று இருந்தது. லெஃப்ட், இடது.

ஆனால் நான் அதைக் கழற்றினது வலது பக்கத்திலிருந்து.

எனக்கு இதில் தடுமாற்றமே வராது. நாள் முழுக்க எக்ஸ்ரே படத்தில் எல், ஆர் என்று எழுத்து வைக்கிறவள் நான். இடது என்றால் நோயாளியின் இடது, பார்க்கிறவரின் இடது இல்லை. மாற்றி வைத்தால் நல்ல முட்டியைக் கீறிவிடுவார்கள். இன்னும் உற்றுப் பார்த்தேன். துளை நேராக உட்காராமல், ஆணியைச் சாய்த்து அடித்து ஏற்றியிருந்த தடம். சுத்தியல் பட்ட வடுகூட இருந்தது. பாரம் முழுக்க ஒரு மெல்லிய விளிம்பில் நின்றிருக்கிறது. பூனை ஏறி உட்கார்ந்திருந்தாலும் அது என்றைக்காவது உடைந்திருக்கும்.

அந்த மூட்டை மாட்டின கை எது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மனைவி முழுகாமல் இருக்கிறாள், அவள் நாற்காலி ஆடக்கூடாது என்று புது மூட்டு வாங்கி மாட்டிவிட்டு, "நானே பண்ணினேன்" என்று ஒரு வாரம் மார் தட்டினவன் என் தம்பி.

நேரே அவன் சலூனுக்குப் போனேன். ஒருவர் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். மூட்டைத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது எந்தப் பக்கத்து மூட்டுடா?"

"எல் போட்டிருக்கே, இடது."

"இதை எந்தப் பக்கம் மாட்டினே?"

"இடது பக்கம்தான்." கத்தியை வைத்துவிட்டு, எதிரே கண்ணாடியில் தெரிந்த நுரை முகத்தைத் தொட்டுக் காட்டினான். "நாற்காலி என்னைப் பார்த்த மாதிரி இருந்திச்சு. இதோ, என் இடது கைப்பக்கம். இது இடது காது."

"கண்ணாடியில இருக்கறவருக்குத்தான்டா அது இடது! நிஜ ஆள் உன்னைப் பார்த்து உக்காந்தா உன் இடது கைப்பக்கம் அவரோட வலது!"

நுரைக்காரர் குழம்பிப்போய்த் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தம்பி அவரைச் சுழல் நாற்காலியோடு தன் பக்கம் திருப்பினான். பார்த்தான். மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் கண்ணாடிக்குள் முகம் பார்த்தே பிழைத்தவன். அவன் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதற்காக விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை.

"அக்கா, அப்ப மாமாவோட வெயிட்டு…"

"மாமாவோட வெயிட்டு இல்லடா. உன் புத்தியோட வெயிட்டு."

"மாமாகிட்ட நீயே சொல்லிடேன். என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியாது."

"சிரிக்கறப்ப ஊரைக் கூட்டிச் சிரிச்சே இல்ல? சொல்றதையும் ஏரிக்கரையில வச்சுச் சொல்லு."

பழைய இரும்புக் கடை மூட்டை நானே மாட்டினேன். வலது பக்கம், ஆர் எழுத்து. ஆணிக்குப் பதில் போல்ட், இரண்டு பக்கமும் வாஷர். முறுக்க முறுக்க ஆசையாக இருந்தது. ஆனால் ரொம்ப முறுக்கினால் நாற்காலி மடங்காது, கால்வாசித் திருப்பு தளர்த்தி விட்டேன்.

ஞாயிறு காலை அவரிடம், "நாற்காலியை நானே சரி பண்ணியிருக்கேங்க. வந்து பாருங்க போதும், உக்கார வேணாம்" என்றேன். நான் செய்த காரியத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வந்தார். வந்து, விரித்து வைத்த நாலு நாற்காலிக்கும் பின்னால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் தம்பி என்னைப் பார்த்தான். நான் முறைத்தேன்.

"மாமா, அன்னிக்கு நீங்க விழுந்தது உங்களால இல்ல" என்றான். "நான்தான் மூட்டை மாத்தி மாட்டிட்டேன். போகாததைச் சுத்தியலால அடிச்சு ஏத்தினேன். யார் உக்காந்திருந்தாலும் உடைஞ்சிருக்கும். நான் வேற யானை அது இதுன்னு வாய்க்கு வந்தபடி… என்னை ரெண்டு அடி கூட அடிங்க மாமா."

அவர் "என்னால இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். என் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. அவர் முகம் மெல்ல மாறியது. மாறிக்கொண்டே வந்த முகம், சட்டென்று தம்பி மனைவி பக்கம் திரும்பியது; பார்வை அவள் வயிற்றில் நின்றது.

"மச்சான்," என்றார். "அது தங்கச்சியோட சேர் இல்ல?"

என் தம்பி அப்போதுதான் அதை நினைத்துப் பார்த்தான் என்பது தெரிந்தது. அவன் மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும்தான் தோன்றவில்லை. கோபத்தில் இத்தனை நாள் குதித்த எனக்கு அந்த ஒன்று மட்டும் தோன்றவே இல்லை.

"நல்லவேளை, நான் விழுந்தேன்" என்றார் அவர். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த நாலு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

என் தம்பி விசும்பிக்கொண்டே ஓடிப்போய்ச் சரிபண்ணின நாற்காலியில் உட்கார்ந்து குலுக்கிக் காட்டினான். "இப்ப கெட்டியா இருக்கு மாமா, நானே பார்த்துட்டேன்."

"எந்திரி மச்சான்" என்றார். தன்னுடைய பழைய நாற்காலியை, ஒரு நாளும் உடையாததை, தம்பி மனைவி பக்கம் நகர்த்தினார். "தங்கச்சி இனிமே இதுல உக்காரட்டும்." தம்பி எழுந்துவிட்ட நாற்காலியைக் காட்டினார். "அது என்னோட சேர்."