இஸ்திரியக்கா எழுந்திருக்க மாட்டாள்

1

இந்தக் கதை என் மச்சினனால் வந்தது. நல்லது கெட்டது எல்லாம் அவன் தலையிலேயே விடியட்டும். பயணப் பத்திரிகை நடத்துகிறான். விடுமுறைச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டான்.

"அத்தான், அதிகம் பேர் போகாத ஒரு தீவு. தனியா ஒரு பொம்பள போறா. திரும்பி வரும்போது வேற ஆளா வர்றா. அவ்வளவுதான், ரெண்டு மணி நேர வேலை."

எழுதுவதென்றால் அவனுக்கு வெந்நீர் போடுவது மாதிரி. நானும் ரோஷத்தோடு உட்கார்ந்தேன்.

'நீலக் கடலின் மடியில் ஒரு பச்சைத் துளியாக அந்தத் தீவு...'

சீ, வேண்டாம். (அடித்துவிட்டேன். இருந்தாலும் கண்ணில் படட்டும். எந்தக் குழியிலிருந்து உங்களைக் காப்பாற்றினேன் என்று தெரிய வேண்டாமா?)

2

மச்சினன் மனதில் இருந்தவள் கூந்தலைக் காற்றில் பறக்கவிட்டு நிற்பவள். எனக்கு வந்து வாய்த்தவளோ பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் விரித்த படுக்கை இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும் என்பதால் கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவள் இஸ்திரியக்கா. ஊரார் விடுமுறையையெல்லாம் உதறி மடித்தே காலம் ஓடிவிட்டது. தனக்கென்று ஒரு விடுமுறை இதுவரை எடுத்ததில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது விருந்தாளியாக இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

தங்கை ஃபோனில் கத்தினாள். "தனியாவா? அங்க போய் என்னக்கா பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லடி. அதுக்குத்தான் போறேன்."

இந்தப் பதிலை நான் யோசித்து வைக்கவில்லை. அவளாகச் சொன்னது. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

3

தீவில் ஒரே ஒரு விடுதி. ஆறே அறைகள். அக்காவுக்குக் கிடைத்தது மூலையறை. சன்னலைத் திறந்தால் கடல். மேலே தகரக் கூரையில் தென்னை மட்டை உரசிக்கொண்டே இருக்கும். வந்த அன்று அவள் அந்தச் சன்னலை விட்டு நகரவே இல்லை. ஒரு வாரம் தங்குவதாகப் பேச்சு.

மறுநாள் காலை, கடலில் குளிக்கக் கிளம்பினாள். கை சும்மா இருந்தால்தானே? விரிப்பை இழுத்துச் செருகினாள். தலையணைகளைத் தட்டி நிறுத்தினாள். குளியலறைத் தரையைத் துடைத்தாள். குப்பையைக் கட்டி வெளியே வைத்தாள். பெட்டியை அலமாரிக்குள் தள்ளிச் சாத்தினாள். கடலில் விழுந்து தொலையப் போகிறதே என்று சாவியை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் பழக்கதோஷம்.

விடுதிக்காரம்மா வந்தாள். மேசையில் சாவி, அறையில் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு வாரம் என்றவள் மனசு மாறிக் காலைப் படகில் கிளம்பிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டாள். அதே படகில்* வந்திறங்கிய புதுமண ஜோடிக்கு மூலையறையைக் கொடுத்துவிட்டாள்.

ஈரத்துணியோடு அக்கா திரும்பி வந்தபோது வாசலில் அவர்கள் பெட்டி படுக்கையோடு நிற்கிறார்கள்.

"ஐயோ, நீங்க போகலையா?" என்று விடுதிக்காரம்மா பதறினாள். "ஆள் தங்குன ரூம் மாதிரியே இல்லையேம்மா!"

* படகு நேரத்துக்கு வந்தது என்றால் யார் நம்புவார்கள்? கதைக்குத் தேவைப்பட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

4

இதுவரை படித்த மச்சினன் துள்ளிக் குதித்தான். "சூப்பர் அத்தான்! சின்னஞ்சிறுசுங்கன்னு ரூமை விட்டுக் குடுத்துடறா. அந்தம்மா இவ கைத்திறமையைப் பார்த்து வேலைக்குக் கூப்பிடறா. இவளும் தீவுலயே தங்கிடறா. படிக்கறவங்க அழுதுடுவாங்க!"

எனக்கும் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். எழுதியும் பார்த்தேன்:

'அவள் புன்னகைத்தாள். பரவாயில்லை, அவர்களே இருக்கட்டும் என்று தன் பெட்டியை...'

எடுக்க மாட்டேன் என்கிறாள். பேனாவை எவ்வளவு அழுத்தினாலும் அவள் கை அலமாரிப் பக்கம் போகவில்லை.

5

ஆகவே நடந்தது இதுதான்.

விடுதிக்காரம்மா குழைந்தாள். "கோவிச்சுக்காதீங்க. பின்னால ஸ்டோர் ரூம்ல கட்டில் போட்டுத் தர்றேன். மத்த ரூமையும் இதே மாதிரி பண்ணிக் குடுத்தீங்கன்னா சாப்பாடு, தங்கறது எல்லாம் நம்ம பொறுப்பு."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. கடல் தாண்டி வந்தும் கையில் துடைப்பத்தைத் திணிக்கிறார்களே!

"இந்தாங்கம்மா, நான் வேலை கேட்டு வரல. தங்க வந்திருக்கேன்."

"பாவம், புது ஜோடிம்மா..."

"புதுசுதானே? இன்னும் எத்தனையோ ஊர் பார்ப்பாங்க. எனக்கு இது ஒண்ணுதான்."

ஜோடியில் அந்தப் பெண் கணவனின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். (புத்திசாலி. இவளுக்குத் தனியாக ஒரு கதை எழுத வேண்டும்.)

அக்கா நேரே உள்ளே போனாள். மணல் ஒட்டிய காலோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, கட்டிலின் நடுவில் மல்லாந்து விழுந்தாள். விரிப்பு கசங்கி ஒரு பக்கமாகச் சுருண்டது.

"இப்ப ஆள் தங்குன ரூம் மாதிரி இருக்கா?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

6

மச்சினன் விடாமல் ஃபோன் செய்கிறான். "அத்தான், அவளை எழுப்புங்க. இப்படியே படுத்துக் கிடந்தா எப்படி? அவ மாறவே இல்லையே!"

"மாற மாட்டாடா. என்னாலயும் எழுப்ப முடியாது."

"அப்ப வாசகர்களையே கேக்கறேன்."

தாராளமாகக் கேட்கட்டும். கதவு சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் போடவில்லை. வராந்தாவில் புது ஜோடி பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது. விடுதிக்காரம்மா கையைப் பிசைகிறாள். அறை யாருக்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அக்காவுக்கில்லை என்றால், நீங்களே உள்ளே போய், அவள் தோளைத் தொட்டு, "எழுந்திருங்கக்கா, வேலை கிடக்கு" என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

நான் சொல்ல மாட்டேன்.