ஈரக் கயிற்றால் அளந்த சந்து

சத்தார் தர வேண்டிய பாக்கி பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது சோம். எல்லோரும் எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ரொட்டிக்கடை ரிஸ்குலின் கோடு போட்ட நோட்டில், பன்னிரண்டு வீட்டுக்காரர்களின் பெயருக்கு நேரே சரி போட்டிருக்க, அவன் பெயருக்கு நேரே மட்டும் அந்தத் தொகை நின்றது. அவன் வேலை பார்க்கும் செங்கல் சூளை குளிர்காலத்தில் மூடிக் கிடந்ததால் நின்றது. சூளை திறந்து மூன்று வாரமாகியும் முதலாளி முன்பணம் தராததால் இன்னும் நின்றது.

அது சந்து வரைபடத்துக்கான பணம். தாஷ்-கெச்சூ குடியிருப்பு தலைநகர் பிஷ்கெக்கின் வடக்கு ஓரத்தில், பெரிய கால்வாய்க்கு அப்பால் இருக்கிறது. நகரத்தின் பழைய திட்டப் படத்தில் அந்த இடம் பச்சை. அதாவது தோப்பு. பதினோரு வருடமாக நானூறு குடும்பம் அடுப்பெரித்து, துணி உலர்த்தி, செத்தவர்களை எடுத்து, கல்யாணம் செய்து வாழ்கிற இடம் படத்தில் வெறும் மரங்கள். தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு எண் கிடையாது, பட்டாவும் கிடையாது. சிவப்பு அட்டை போட்ட அந்தப் பட்டாவை எல்லோரும் சிவப்புப் புத்தகம் என்பார்கள். இப்போது நகரம் சுற்றுக் கிராமங்களையெல்லாம் தன்னோடு சேர்த்துக்கொண்டு புதுத் திட்டம் எழுதுகிறது. தங்கள் சந்துகளை அளந்து வரைபடம் கொடுப்பவர்களை மஞ்சள் நிறத்தில், குடியிருப்பாக, சேர்ப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்குப் பதினாலாயிரம் என்று பங்கு போட்டு ஏழாம் சந்துக்காரர்கள் அளவைக்காரன் ஒருவனைப் பிடித்தார்கள். சத்தாரின் பங்கில் குறைந்ததை ரிஸ்குல் எஜே ரொட்டி விற்ற காசிலிருந்து போட்டாள்.

சத்தாரின் மனைவி புருல் மாஸ்கோவில் இருந்தாள். கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை. ஆறு வருடமாகிறது. அங்கே நண்பகல் சாப்பாட்டு நேரம் இங்கே மூன்று மணி, அப்போதுதான் கூப்பிடுவாள்.

"என்ன கிழவா, நம்ம வீடு இன்னும் காடாத்தான் இருக்கா?"

"காடுதான். மஞ்சளாக்குறேன்னு சொல்றாங்க."

"ஆகட்டும். சிவப்புப் புத்தகம் கைக்கு வந்த அன்னிக்கு டிக்கெட் எடுக்கறேன். காட்டுக்குள்ள குடித்தனம் பண்ண நான் என்ன ஓநாயா?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனாலும் அது சிரிப்பில்லை என்பது இருவருக்கும் தெரியும். பட்டா இல்லாத வீட்டை எந்த நாளும் இடிக்கலாம். இடிந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, மறுபடி பெட்டி கட்டிக்கொண்டு ரயிலேற அவளுடைய முதுகில் தெம்பில்லை. அதனால் சத்தாருக்குத் திட்டம் என்பது ஒன்றே ஒன்றுதான்: ஏழாம் சந்து மஞ்சளானால் புருல் வருவாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கட்டில் விரிப்பு அளவுக்கு ஒரு படம் தொங்கியது. நகரம், அதைச் சுற்றி வரப்போகும் வட்டச் சாலை, சாலைக்கு வெளியே புது ஊர்கள், இரண்டாயிரத்து ஐம்பதுவரை என்ன எங்கே வரும் என்பதெல்லாம் அதில் இருந்தது. சத்தார் மனசுக்குள் கணக்குப் போட்டான். இரண்டாயிரத்து ஐம்பதில் தனக்கு எழுபத்தொன்பது. புருலுக்கு எழுபத்தாறு. வட்டச் சாலை வராவிட்டால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டான்.

திட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண்ணின் பெயர் எல்சாதா. முப்பது வயது இருக்கும். குரல் கம்மியிருந்தது, அன்றைக்கு அது நாலாவது கூட்டமாம். சந்து சந்தாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஆறு சந்துகளும் தேறின. ஏழுக்கு வந்ததும் காகிதத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உங்க சந்து அகலம் அஞ்சரை மீட்டர்தான் இருக்கு. ஆறு வேணும். தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத சந்துன்னா அதைத் தெருன்னு நான் வரைய முடியாது."

"ஆறுதானம்மா. நாங்களே அளந்தோம்" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

"எதால அளந்தீங்க?"

சூளையில் சத்தாரோடு வேலை செய்யும் தூலாத் சொன்னான்: "கயித்தால."

பதினோரு வருடத்துக்கு முன்னால், பழைய கூட்டுப்பண்ணை வயலில் அவர்கள் சந்து பிரித்தபோது சத்தாரின் கயிற்றைத்தான் பிடித்தார்கள். நரீன் மலையில் குதிரை கட்டிய கம்பளிக் கயிறு. கடையில் எஃகு நாடாவோடு வைத்துப் பார்த்து, ஆறு மீட்டருக்குச் சரியாக முடிச்சுப் போட்டு எடுத்து வந்தான். ஆறு சந்து வெயிலில் பிரித்தார்கள். ஏழாவதைப் பிரித்த அன்று மழை. கம்பளிக் கயிறு நனைந்தால் சுருங்கும். மலையிலிருந்து வந்த ஒவ்வொருவனுக்கும் அது தெரியும். மழை வருமுன் ஓடிப்போய்க் குதிரையின் கட்டைத் தளர்த்திவிட்டவர்கள்தான் எல்லோரும். ஆனால் அவர்கள் வாழ்நாளில் கயிறு மிருகத்துக்கு. மண்ணை அவர்கள் அளந்ததேயில்லை. இந்தப் புல்வெளி இத்தனை குதிரைக்கு இத்தனை நாள் வரும் என்பதோடு சரி. கூடாரம் அடித்தவன் அடுத்த மாதம் பிடுங்கிக்கொண்டு போவான். அரை மீட்டர் யாருக்கு வேண்டும்.

"ஈரக் கயிறு" என்றான் சத்தார். அவனுக்கே அப்போதுதான் விளங்கியது.

எல்சாதா சிரிக்கவில்லை, பெரியவர்களை அழைக்கிற மரியாதையோடு சொன்னாள். "பைக்கே, ஒரு பக்கம் அரை மீட்டர் உள்ள தள்ளினாப் போதும். ரெண்டு பக்கமும் கால் கால் தள்ளினா எல்லா வீட்டையும் தொடணும். மே மாசம் இருபதுக்குள்ள திருத்தின படம் வேணும். அதுக்கப்புறம் நான் கேட்டாலும் சேர்க்க மாட்டாங்க."

இடது பக்கம் ஆறு வீடு. அதில் நாலின் சுவர் சந்தின் ஓரத்திலேயே நிற்கிறது. ரிஸ்குல் எஜேயின் தந்தூர் அடுப்பும் அங்கேதான். வலது பக்கம் ஏழு வீடு. ஆறுக்கு முன்னால் வேலி மட்டும். பிடுங்கி உள்ளே நட்டால் முடிந்தது. ஏழாவது வீடு சத்தாருடையது. பின்னால் பாதாமி மரத்துக்கு இடம் வேண்டும் என்று புருல் சொன்னதால், அறையைச் சந்தின் விளிம்பிலேயே கட்டியிருந்தான்.

ஆக, பதின்மூன்று வீட்டுக்கும் சேர்த்து இடிக்க வேண்டியது ஒரே ஒரு சுவர்.

திரும்பி வரும்போது தூலாத் அவன் தோளில் கை போட்டான். "உன் கயிறு. உன் கை. அப்போ உன் சுவரு."

"மறுமுனையை நீதானடா பிடிச்சிருந்த."

"நான் பிடிச்ச முனை சரியாத்தான் இருந்துச்சு. சுருங்கினது உன் பக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். சத்தார் மட்டும், "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். அதோடு சிரிப்பு நின்றது.

யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவன் வரிசையில் நின்றால் பேச்சு அடங்கியது. ஒரு மண் சுவர், ஒன்பது மீட்டர் நீளம், இரண்டு நாள் வேலை. கல் சுமப்பவனுக்கு அது ஒரு வேலையா?

அந்தச் சுவரின் கல்லைப் புருல்தான் செய்தாள். மாஸ்கோ போவதற்கு முந்தைய கோடையில் பழைய பலகைச் சுவரை எடுத்துவிட்டு மண்கல்லால் எழுப்பினார்கள். அவன் பகலெல்லாம் சூளையில் இருந்தான். அவள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோதுமை வைக்கோல் போட்ட சேற்றை மிதித்து, அச்சில் அடித்து, புரட்டிப் புரட்டிக் காயவைத்தாள். சுவர் முடிந்து பூச்சு ஈரம் போவதற்குள் ரயிலேறிவிட்டாள். இரட்டைக் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. ஆறு வருடமாகச் சத்தார் சுவர்ப் பக்கம் முதுகைக் கொடுத்துத்தான் தூங்குகிறான். பகலில் வெயிலைக் குடித்த மண் வெகுநேரம் சூடாக இருக்கும். இதைத் தூலாத்திடம் சொல்ல முடியுமா? குழாயடியில் சொல்ல முடியுமா?

அவளிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கூப்பிட்ட போதெல்லாம் மழை, சூளை, உருளைக்கிழங்கு விலை என்று பேசினான். மூன்றாவது வாரம் அவளே கேட்டாள்.

"ரிஸ்குல் எஜே போன் பண்ணினா. என்னவோ சுவருன்னா."

"ஒண்ணுமில்ல."

"சத்தார்." பெயர் சொன்னாள். அபூர்வமாகத்தான் சொல்வாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கயிறு, அரை மீட்டர், மே இருபது.

"அந்தச் சுவரை இடிக்க மனசு வரல" என்றான். "நீ பண்ணினது."

"எத்தனை கல்லு அது? எண்ணிருக்கியா?"

"எழுநூத்துப் பன்னெண்டு. உடைஞ்சதைச் சேர்க்காம."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் மூக்கை உறிஞ்சினாள். "அட கிழவா. எனக்கு அந்தச் சுவர் எப்படியிருக்கும்னே நினைப்பில்லை. கண்ணை மூடினா சேறுதான் ஞாபகம் வருது. காலையில அது எவ்வளவு சில்லுன்னு இருக்கும். ஒனக்கு ரொட்டி கட்டிக் குடுத்துட்டு வந்து இறங்குவேன், பாதம் மரத்துப் போகும். நீ சுவரோட இருக்கே. நான் எதோட இருக்கேன்னு நெனச்ச? எட்டுப் பேரு படுக்கற ரூம்ல மேல்கட்டில். இந்தப் பக்கமும் பலகை, அந்தப் பக்கமும் பலகை."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"இடி. இடிச்சிட்டு, வீட்டு நம்பர் வரட்டும், அதைப் போட்டோ புடிச்சு அனுப்பு. சுவரைப் புடிச்சு அனுப்பாத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தே திரண்டது. கூலி இல்லாத கூட்டு வேலை. அப்படித்தான் அங்கே ஒவ்வொரு வீடும் எழுந்தது. காலையிலேயே ஆறு வேலிகளைப் பிடுங்கி உள்ளே நட்டுவிட்டு எல்லோரும் சத்தாரின் வீட்டுக்கு வந்தார்கள். ரிஸ்குல் எஜே ரொட்டியும் ஒரு கூஜா மோரும் கொண்டுவந்தாள். தூலாத் கடப்பாரையை ஓங்கினான்.

"அடிக்காதே" என்றான் சத்தார். "ஒவ்வொண்ணா எடுக்கணும்."

"மண்கல்லைப் போய் ஒவ்வொண்ணாவா? மியூசியத்துக்கா?"

"ஒவ்வொண்ணா."

தூலாத் அவன் முகத்தைப் பார்த்தான். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியால் கல்லுக்கிடையில் இருந்த சாந்தை நெம்பத் தொடங்கினான். அதற்குப் பிறகு யாரும் கேலி பேசவில்லை. கை மாற்றிக் கை மாற்றிக் கல் உள்முற்றத்துக்குப் போனது. எழுநூற்றுப் பன்னிரண்டில் அறுநூற்று நாற்பது முழுசாகத் தேறியது. மீதியை நனைத்துப் பிசைந்து சாந்தாக்கினார்கள். வெறும் காலோடு சேற்றில் முதலில் இறங்கியவன் சத்தார். சில்லென்றுதான் இருந்தது.

இரண்டாம் நாள் மாலைக்குள், அரை மீட்டர் உள்ளே தள்ளி, அதே கல்லால் சுவர் எழுந்துவிட்டது. சரிந்த கூரைக் கட்டையை அறுத்துப் பொருத்தினார்கள். இரட்டைக் கட்டிலைத் திரும்ப உள்ளே போட்டபோதுதான் தெரிந்தது: ஒரு பக்கம் சுவரில் இடித்தது, மறுபக்கம் அடுப்பில் உரசியது. எப்படித் திருப்பினாலும் நிற்கவில்லை.

"ஒத்தைக் கட்டில் போட்டுக்க" என்றான் தூலாத். "அவ வந்தா ஒட்டிப் படுங்க. ஆறு வருஷ பாக்கி இருக்கே."

"வாயை மூடுடா, பன்றி" என்றாள் ரிஸ்குல் எஜே, ஆனால் அவளும் சிரித்தாள். சத்தார் இரட்டைக் கட்டிலைக் கழற்றிப் பின்பக்கம் சாய்த்து வைத்தான். மேலே தார்ப்பாய் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்தான்.

மே பதினேழாம் தேதி எல்சாதா எஃகு நாடாவோடு வந்தாள். ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். மறுமுனையைச் சத்தார் வாங்கவில்லை, அளவைக்காரனிடம் தள்ளிவிட்டான். மூன்று இடத்தில் அளந்தார்கள். ஆறு, ஆறு, ஆறும் இரண்டு சென்டிமீட்டரும். அங்கேயே, ரொட்டிக்கடை மேசையில் படத்தை விரித்து, இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு போட்டாள். பிறகு ஏழாம் சந்தின் மேல் மஞ்சள் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தாள். சந்துக்காரர்கள் சுற்றி நின்று, குழந்தைக்கு மொட்டை போடுவதைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்கள்.

"எப்போ நம்பர் வரும்?" என்று சத்தார் கேட்டான்.

"இது நகர மன்றத்துக்குப் போகணும், பைக்கே. இலையுதிர் காலத்துல ஓட்டுக்கு வரலாம். அடுத்த வருஷமும் ஆகலாம். நான் பொய் சொல்ல விரும்பல."

"புத்தகம்?"

"அதுக்கப்புறம்."

அவன் தலையாட்டினான். அடுத்த வருஷம். அதற்கப்புறம். மேல்கட்டிலில் இன்னும் ஒரு குளிர்காலம். மஞ்சள் மட்டும் இன்றைக்கு வந்துவிட்டது.

எல்சாதா போனபின் ரிஸ்குல் எஜே நோட்டை எடுத்தாள்.

"இடது பக்கத்து ஆறு வீடும் பேசி முடிச்சிட்டோம். நாங்க மண்ணு குடுக்கல. அதனால உன் பாக்கியை ஆறாப் பிரிச்சு, தலைக்கு ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூறு. எல்லாரும் குடுத்தாச்சு."

"வேண்டாம், எஜே. சூளைக் காசு வந்ததும் தர்றேன்."

"ஏன்?"

"அந்தச் சுவரை நான் விக்கல."

"யாருடா அதை வாங்கினா? இவ்வளவு காசு குடுத்து வாங்க அதுல தங்கமா இருந்துச்சு?" அவள் குரல் இறங்கியது. "வேலிக்காரங்க வேலியை நகர்த்தினாங்க, ஆளுக்கு அரை நாள். நீ என்ன நகர்த்தினேன்னு சந்துக்குத் தெரியும். தெரியாத மாதிரி நாங்க எல்லாரும் சும்மா இருக்கணுமா? அதுவும் கஷ்டம்தான், சத்தார்."

அவன் எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மஞ்சள் வந்துவிட்டது என்று சொல்லலாம். அடுத்த வருடம் ஆகலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

"வீட்டை யார் பேருல எழுதணும்?" என்று எஜே கேட்டாள். "பட்டா மனுவுல ஒரு பேருதான் போடலாமாம்."

"புருல்."

"அவ இங்க இல்லையே."

"இருப்பா."

எஜே அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு மனுவில் அந்தப் பெயரை எழுதினாள். பிறகு நோட்டைத் திருப்பி, பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது என்ற எண்ணின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.