சட்டிக்குள் போன பாட்டில்

நான் சொல்வதில் பாதி பிசகாக இருக்கலாம். நானே பார்த்தது எது, பிறகு சொலாஞ்ச் சொல்லிச் சொல்லி என் நினைவாகவே ஆகிப்போனது எது என்று இப்போது பிரித்தறிய முடியவில்லை. வியாழக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். வியாழக்கிழமைகளில்தான் கோழியைச் சிவப்பு ஒயினில் வேகவைத்துக் குழம்பு செய்வோம்.

தெற்கு பிலடெல்பியாவில், ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளின் மூலையில் இருந்தது சொலாஞ்சின் பிரெஞ்சு உணவகம். இருபத்தாறு நாற்காலிகள். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் பிறந்த அந்த அம்மாள் பரிமாறுவார், நான் சமைப்பேன். மது விற்க உரிமம் கிடையாது. வருகிறவர்கள் அவரவர் பாட்டிலைக் கையோடு கொண்டுவருவார்கள். மேஜையில் மிச்சம் வைத்துவிட்டுப் போனால் அது சமையலறை ஜன்னலோரப் பலகைக்கு வரும், அங்கிருந்து என் சட்டிக்குப் போகும்.

அன்று மதியம் ஜன்னலோரத்தில் மூடி திறந்த பாட்டில் ஒன்று நின்றது. முகர்ந்து பார்த்தேன், அருமையான சரக்கு. எடுத்து அப்படியே சட்டியில் கவிழ்த்தேன். கழுத்துவரை நிறைந்திருந்ததைக் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. பழகிய இடத்தில் இருப்பதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

நாலரை மணிக்கு சொலாஞ்ச் பல் மருத்துவரிடமிருந்து ஒரு பக்கக் கன்னம் மரத்துத் திரும்பினார்.

"எர்வின், இங்க இருந்த பாட்டில் எங்க?"

நான் சட்டியைக் காட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி. அது கார்மைனோடது. பழைய ஒயின் கொஞ்சம் காத்தாடினாத்தான் ருசின்னு நான்தான் திறந்து வச்சேன்."

கார்மைன் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், மனைவியை இழந்தவர். பள்ளிக்கூட நர்ஸாக இருந்த பெர்னிஸோடு இரண்டு வருடமாக வியாழன்தோறும் வருவார். வேலையை விட்ட நாளில் டிப்போக்காரர்கள் கொடுத்த பாட்டிலைப் பதினோரு வருடம் திறக்காமல் வைத்திருந்தாராம். அன்று காலை அதைக் கொண்டுவந்து சொலாஞ்சிடம் சொல்லியிருக்கிறார்: "இன்னிக்கு பெர்னிஸ்கிட்ட கல்யாணத்தப் பத்திக் கேட்டுடப் போறேன். எனக்குப் பேச்சு வராது. இத ஊத்துனா என்ன விசேஷம்னு கேப்பாங்க இல்ல? தனியாக் குடிக்க மனசு வரலன்னு சொல்வேன். அதுலேருந்து அப்படியே போயிடலாம்."

"முதல் வாக்கியத்தையே நீ வேகவச்சுட்ட," என்றார் சொலாஞ்ச். கொஞ்ச நேரம் கழித்து, "லேபிள் அப்படியேதான இருக்கு? கடைக்குப் போய் வேற ஒண்ண வாங்கி இதுல ஊத்திட்டா?"

நான் வேண்டாமென்று தலையசைத்துவிட்டுக் குழம்பைக் கிளறினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. 

ஆறு மணிக்கு கார்மைனும் பெர்னிஸும் வந்தார்கள். கார்மைன் டை கட்டியிருந்தார். நான் ஒரு கையில் குழம்புச் சட்டியும் மறு கையில் காலிப் பாட்டிலுமாக அவர்கள் மேஜைக்குப் போனேன்.

"சார், உங்க ஒயின் இதுக்குள்ள இருக்கு. மிச்சம்னு நினைச்சு ஊத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

கார்மைன் சட்டியைப் பார்த்தார். "எவ்வளவு?"

"முழுசும்."

"இவன நம்பித்தான் ரெண்டு வருஷமா சாப்பிடுறோம்," என்று பெர்னிஸ் சிரித்தார். பாட்டிலை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். "இவ்வளவு பழசா? இத ஏன் இன்னிக்குக் கொண்டுவந்தீங்க?"

  ஊற்றுவதற்கு ஒன்றுமில்லாமல் கார்மைனுடைய கைகள் மேஜைமேல் சும்மா கிடந்தன. சொலாஞ்ச் பக்கத்து மேஜையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்க," என்றார் கார்மைன், என்னைப் பார்த்து.

"அவனையா?"

"இல்ல, இல்ல. உங்கள."

 பெர்னிஸ் ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, அவசரமில்லாமல் மென்றார். கார்மைனின் காதுகள் சிவந்துவிட்டன.

"உங்க வீட்டு மாடிப்படி என் முட்டிக்கு ஆகாது," என்றார் பெர்னிஸ். "என் வீட்டுக்கு வர்றதா இருந்தா, சரி."

"என் நாயும் வரலாமா?"

"அது ஏற்கெனவே என் கட்சி. நீங்க வந்தாப் போதும்."

கார்மைன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பி, மற்ற மேஜைகளுக்கும் அதே குழம்பு போயிருப்பதைக் கவனித்தார்.

"ஏம்ப்பா எர்வின், கல்யாணத்துக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் விருந்து போட்டுட்டியே!"

"அதுவும் உங்க சரக்குல," என்றார் சொலாஞ்ச். அப்போதும் அவர் வாய் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

நான் அவர்கள் தட்டுகளில் கறியைப் போட்டேன்.

ஜனவரியில் அவர்கள் கல்யாணம் நடந்தது. கார்மைன் நாயோடு பெர்னிஸின் வீட்டுக்குக் குடிபோனார். ஒன்பது வருடம் சேர்ந்து இருந்தார்கள். ஒரு ஏப்ரலில் கார்மைன் தூக்கத்தில் இறந்தார். பெர்னிஸ் இப்போது டெலவேரில் தங்கை மகளோடு இருக்கிறார். சொலாஞ்ச் கடையை விற்றுவிட்டு பிரிட்டனிக்கே திரும்பி, அக்காவோடு வசிக்கிறார். அந்த மூலையில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. நான் ஒரு மருத்துவமனையில் சமைக்கிறேன்.