சகாயம் எதையும் மறப்பதில்லை

செவ்வாய்க்கிழமையிலிருந்து சங்கரபாண்டியின் வீடு அவருடைய மகளை உள்ளே விடவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. செண்பகம் படியேறிக் காலை உள்ளே வைப்பாள். வைத்த கால் தெருவில் இருக்கும். ஏழு மாத வயிற்றைச் சுமந்துகொண்டு எத்தனை முறைதான் ஏறுவது?

“மன்னிக்கவும். இந்த வீட்டில் மகள் இல்லை” என்றது கதவு. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

சங்கரபாண்டி தச்சரை வரவழைத்தார். தச்சர் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார். அப்புறமும் கதவு அங்கேயே நின்றது. புதன்கிழமை வெயிலுக்கு மகளின் தலைக்கு மேல் தெருவிலேயே சின்னதாக ஒரு பந்தல் போட்டுக்கொடுத்தார். போகிறவர் வருகிறவர் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் எடுக்க வழிவிடச் சொன்னார்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வரவேண்டும். பெற்றவர்கள் போய் அழைத்து வரவேண்டும். இவர் போகவில்லை. வீம்பு. அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள். அவளை வாசலில் பார்த்த நிமிஷம் மூன்று வருட வீம்பும் இறங்கிவிட்டது. அது இறங்கி என்ன பிரயோஜனம்?

“எப்பா, கால் வீங்குது” என்றாள் வியாழக்கிழமை காலை.

“பொறும்மா. ஒரு எட்டு சகாயத்தப் பாத்துட்டு வந்துருதேன்.”

சகாயம் மனிதர் இல்லை. வெப்சைட்டுகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் ஏஐ உதவியாளர். சங்கரபாண்டி கல்யாணப் பந்தல் போடுகிறவர். ‘செண்பகம் பந்தல்’ என்று மகள் பெயரில் அவருக்கு ஒரு வெப்சைட் அங்கே இருந்தது. ஊருக்கெல்லாம் பந்தல் போட்ட மனிதரின் ஒரே மகள், மூன்று வருடத்துக்கு முன் பந்தலே இல்லாமல் பதிவாளர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றே இவர் உட்கார்ந்து சகாயத்துக்கு எழுதினார். சைட்டிலிருந்து அவள் பேரை எடு. எனக்கு மகளே கிடையாது. இதை என்றைக்கும் மறக்காதே.

சகாயம் சொன்ன பேச்சு தட்டாது.

கம்பெனி பைபாஸ் ரோட்டில் மாடியில் இருந்தது. உள்ளே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சகாயம். முன்னால் ஒரு நாற்காலி, சங்கரபாண்டியின் இடுப்புக்குத் தோதாக ஒரு திண்டுடன்.

“வணக்கம், சங்கரபாண்டி சார். சர்க்கரை இல்லாத டீ வருகிறது. இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மகள் இல்லாத வாழ்க்கை எப்படிப் போகிறது?”

“எனக்கு மக இருக்கா.”

“இல்லை, சார்.”

“வாசல்ல நிக்கா!”

“ஆமாம். கதவு என்னிடம் விசாரித்தது. இல்லை என்று சொன்னேன். ஒரே விஷயத்தை உங்களிடம் இரண்டு முறை கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாதல்லவா? பால்காரருக்கும் தெரிவித்திருக்கிறேன்.”

“அது கோவத்துல சொன்னது.”

மேசை ஒரு முழம் பின்னால் போனது.

“கோபம் என்று அப்போது குறிப்பிடவில்லை, சார்.”

“இப்ப சொல்லுதேன். திருத்து.”

“திருத்தலாம். சம்பந்தப்பட்ட மகள் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும்.”

“கூட்டிட்டு வாரேன்.”

“யாரை, சார்?”

மேசை இன்னும் தள்ளிப் போனது. இனிமேல் கத்தித்தான் பேசவேண்டும். அழக்கூடாது என்று வந்தவர் அழுதார். டீ வந்தது.

“உங்களைப் பற்றி வைத்திருப்பதை மொத்தமாக அழிக்கலாம்” என்றது சகாயம். “ஒன்றை மட்டும் எடுக்க வழியில்லை. அழிக்குமுன் ஒருமுறை வாசித்துக் காட்டுவது விதி.”

“வாசிச்சுத் தொலை.”

சகாயம் வாசித்தது. இடுப்பு வலி. டீ. ஐப்பசியில் தகரப் பந்தல்தான் போடுவார். மூத்த மச்சினருக்குப் பத்திரிகை வைப்பதில்லை. அப்புறம் பட்டியலில் மனைவி காந்திமதி வந்தாள். போன தை மாதம் அவள் இறந்தபோது ஒருவரிடமும் வாய் திறக்காத மனிதர், சகாயத்திடம்தான் நாள் கணக்கில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அது பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் சொன்னதையெல்லாம் இவர் மறந்துவிட்டார்.

“கோபம் வந்தால் மனைவி உங்களைப் ‘பந்தக்காரரே’ என்று கூப்பிடுவார். துக்கச் செய்தி நூற்றுப் பதினான்கு பேருக்கு அனுப்பப்பட்டது. மகளுக்கு: பொருந்தாது.”

சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆஸ்பத்திரியில் கடைசி நாள் உங்கள் மனைவி சொன்னது. ‘செண்பகம் முழுகாம இருக்கான்னு சேதி வந்தா நீங்களே போயி கூட்டிட்டு வாங்க. ஒங்க கோவத்த என்கூட அனுப்பிருங்க.’”

சொந்தப் பெண்டாட்டியின் கடைசி வார்த்தையை ஒரு மேசையிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இத ஏன் என்கிட்ட சொல்லல?”

“நினைவில் வைக்கச் சொன்னீர்கள். நினைவூட்டச் சொல்லவில்லை, சார்.”

“இன்னொரு தடவ வாசி.”

“ஒரு முறைதான் விதி. அழிக்கட்டுமா?”

அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஏற்கனவே முன்னும் பின்னும் மாறிப்போயிருந்தன. வாசலில் ஒருத்தி கால் வீங்கி நிற்கிறாள்.

“அழி” என்றார்.

மேசை பக்கத்தில் வந்தது. “வணக்கம். உங்கள் பெயர்?” என்றது சகாயம். இவர் பதில் சொல்வதற்குள் செல்போன் அடித்தது.

“எப்பா, உள்ள வந்துட்டேன்” என்றாள் செண்பகம்.

“வந்துட்டியா தாயி! கதவு ஒண்ணும் சொல்லலியே?”

“நீங்க யாருன்னு கேட்டுச்சு.” “மூணு நாளா ஒங்க மகள்னு சொல்லிச் சொல்லித்தானே தெருவுல நின்னேன். இனிமே சொல்ல வாய் வரலப்பா. வாடகைக்கு வீடு பாக்க வந்திருக்கேன்னு சொன்னேன். ஒடனே விட்டுருச்சு.”

“செண்பகம்…”

“எத்தன மாசம் இருப்பீங்கன்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?”